பயிற்சி வகுப்பைச் செங்கல் சூளைக்கும் கடற்கரைக்கும் கொண்டு வாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் மாநில மனநல ஆணையத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கும் ஆணைய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்த நாள் 2018 மே 29. அந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவை யாரும் அதிகம் பேசுவதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்க்கக்கூடாது என்ற 115ஆம் பிரிவும், யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்ற 95ஆம் பிரிவும் செய்தித்தாளில் வந்த அளவுக்கு இது வரவில்லை. மனநலப் பணிக்கு வேண்டிய ஆட்களை உருவாக்கும் கல்வியையும் பயிற்சியையும் அரசு திட்டமிட்டு நடத்த வேண்டும், அரசு மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் உள்ள எல்லா மருத்துவ அலுவலர்களுக்கும் அடிப்படை மனநல சிகிச்சையிலாவது பயிற்சி தர வேண்டும், சட்டம் தொடங்கிப் பத்து ஆண்டுக்குள் மக்கள்தொகைக்கு ஏற்ற மனநல வல்லுநர் எண்ணிக்கையை எட்ட முயல வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. கணக்குப் பார்த்தால் கெடு 2028 மே மாதம்.

கெடு நெருங்கும்போது என்ன நடக்கும் என்று அரசுப் பணியின் ஓரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையைக் கேட்டு ஒரு படிவம் வரும். நாங்கள் நிரப்பி அனுப்புவோம். மாவட்டங்களிலிருந்து வந்தவற்றைக் கூட்டினால் பெரிய எண் ஒன்று கிடைக்கும். அந்தப் படிவம் வருவதற்கு முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

வட தமிழ்நாட்டின் கடலோர மாவட்டம் ஒன்றில் மனநல சமூகப் பணியாளராக இருக்கிறேன். வாரத்தில் பாதி நாள் அரசு மருத்துவமனை ஓபியில், மீதி நாள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கும் முகாம்களில். கற்றுக்கொள்வதும் கற்றுக்கொடுப்பதும் இரண்டு இடத்திலும் நடக்கின்றன. வருஷத்துக்குச் சில முறை பயிற்சி அரங்கில் மைக் பிடிக்கும் வேலையும் என்னிடம் வரும். அதனால் கீழே சொல்லும் குறைகள் வெளியாள் எழுதும் குறைகள் அல்ல.

ஆள் போதாது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இருந்தது. மனநலச் சிக்கல் உள்ளவர்களில், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று அது சொன்னது. நான் கேட்பது வேறு. சிகிச்சை கிடைக்காத அந்தப் பெரும்பான்மையில் இருப்பது யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அதே அறிக்கையில் நாடு முழுக்கத் தற்கொலையால் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். தினக்கூலிக்காரர் ஒருவர் காலை எட்டு மணிக்கு ஓபி சீட்டு வாங்கி, பன்னிரண்டு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு போனால் அன்றைய கூலி போச்சு. மறு மாதமும் அதேதான். அவர் வரமாட்டார். ஆனால் நம்முடைய பயிற்சி முழுவதும், வந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பதற்கான பயிற்சியாகவே இருக்கிறது.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கூட்ட அரங்கு. கிராம சுகாதார செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர்கள், சில சமயம் அங்கன்வாடிப் பணியாளர்கள். பத்து மணிக்குப் பதிவு, பதினொன்றுக்குக் குத்துவிளக்கு. முன்தேர்வு என்று ஒரு தாள். பிறகு பவர்பாயிண்ட்: மனச்சோர்வின் அறிகுறிகள், மனச்சிதைவின் அறிகுறிகள், குடிநோய், வலிப்பு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு எல்லாம் ஒரே நாளில். சாப்பாடு. அப்புறம் பின்தேர்வு, அதே தாள். மதிப்பெண் கூடியிருக்கும், கூடாமல் என்ன செய்யும். சான்றிதழ், குழுப்படம், பேருந்து. போன தடவை இப்படி ஒரு நாள் முடிந்து நான் பையை எடுக்கும்போது ஒரு தன்னார்வலர் ஓரமாக வந்து, "மேடம், எங்க தெருவுல ஒரு பையன் நாலு வருஷமா வீட்டை விட்டே வரலை. அந்த அம்மா கதவைத் திறக்க மாட்டேங்குது. நான் என்ன பேசணும்?" என்று கேட்டார். அன்று முழுக்க நாங்கள் காட்டிய படங்களில் இதற்குப் பதில் இல்லை. என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அவருக்குக் கிடைத்த உண்மையான பயிற்சி அதற்குப் பிறகு நாங்கள் போனில் பேசியதும், ஒரு நாள் சேர்ந்து போய் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும்தான். எந்தப் படிவத்திலும் அதைப் பதிவு செய்ய இடமில்லை.

இப்போது சூளைக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தின் உள்பகுதிகளில் இருளர் குடும்பங்கள் அதிகம். பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், பெரும்பாலும் வேறு மாவட்டத்துக்கு. மழை தொடங்கும்போதுதான் திரும்புவார்கள். மனச்சிதைவு உள்ள ஒருவருக்கு மாதம் ஒருமுறை ஃப்ளூபெனசின் ஊசி போட்டு, அவர் நன்றாகத் தேறி, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் அவர் குடும்பம் கிளம்புகிறது. பிப்ரவரி ஊசியை யார் போடுவது? புது ஊர் மருத்துவமனையில் பழைய சீட்டைக் கேட்பார்கள். சீட்டு குடிசைக் கூரையில் செருகியிருக்கும். சூளைக்காரர் அரை நாள் விடமாட்டார், விட்டாலும் கணக்கில் கழிப்பார். ஏப்ரலில் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கும். மே மாதம் அவரை அடிப்பார்கள். ஜூலையில் திரும்பி வரும்போது எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "தொடர் சிகிச்சைக்கு வரவில்லை" என்று எழுதியிருக்கும், ஏதோ அவர் விருப்பப்பட்டு வராமல் போனதுபோல.

இதை எப்படிக் கையாள்வது என்று எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. உண்மையில் இது அவ்வளவு கடினமும் இல்லை. டிசம்பரிலேயே யார் யார் எந்தச் சூளைக்குப் போகிறார்கள் என்று குடியிருப்பில் கேட்டு வைக்க வேண்டும். அந்த மாவட்ட மனநலக் குழுவுக்குப் போன் செய்ய வேண்டும். சிகிச்சை விவரத்தை ஒரு அட்டையில் எழுதி, ஒரு படத்தை அவர்கள் வீட்டில் யாருடைய போனிலாவது போட்டுவிட வேண்டும். சூளை முதலாளியிடம் எப்படிப் பேசினால் காரியம் நடக்கும், எப்படிப் பேசினால் அந்தக் குடும்பத்துக்கே ஆபத்து என்று தெரிந்திருக்க வேண்டும். கொத்தடிமை நிலைமை என்று தெரிந்தால் கோட்டாட்சியரிடம் எப்படிப் போவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு இருளர் பெண்மணி. அவரைப் பயிற்சி அரங்குக்கு ஆசிரியராகக் கூப்பிடலாமா என்று நான் கேட்டபோது, மதிப்பூதியம் தரத் தகுதிச் சான்று வேண்டும் என்று பதில் வந்தது.

கடற்கரையில் கதை வேறு. மீன் விற்கும் பெண்கள் விடியும் முன்பே ஏலத்துக்குப் போய்விடுவார்கள். கூடையை இறக்கி வீட்டுக்கு வர மதியம் தாண்டும். அப்போது எங்கள் முகாம் முடிந்து வண்டி கிளம்பியிருக்கும். ஆண்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம்தான் நல்ல நேரம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள். வருமானம் இல்லை, குடி கூடும், கடன் கூடும், வீட்டில் அடிதடி கூடும். அதே நேரம் உட்கார்ந்து பேச ஆள் இருப்பதும் அப்போதுதான். ஒரு மாவட்டத்தின் மனநலப் பயிற்சி நாட்காட்டியை மீனவர் ஊர் தெரிந்த யாராவது போட்டிருந்தால் தடைக்காலத்தை மையமாக வைத்துத்தான் போட்டிருப்பார்கள். நமக்கோ நிதியாண்டு முடியும் மார்ச் மாதம்தான் எல்லாப் பயிற்சியும். பணத்தைச் செலவு செய்து முடித்தாக வேண்டுமே.

கடற்கரையில் இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் நிம்ஹான்ஸ் குழுக்களும் தொண்டு நிறுவனங்களும் உள்ளூர் ஆட்களுக்கு உளவியல் ஆதரவுப் பயிற்சி கொடுத்தன. இழவு வீட்டில் எப்படி உட்காருவது, என்ன சொல்லக்கூடாது, யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்று ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் கற்றுக்கொண்டார்கள். அப்படிக் கற்றுக்கொண்ட சிலரோடு பின்னாளில் வேலை செய்திருக்கிறேன். நான் முதுகலையில் படித்ததைவிட அவர்களிடம் பார்த்துக் கற்றது கூட. ஆனால் திட்டங்களுக்கான பணம் முடிந்ததும் அவர்களுக்கு வேலையும் முடிந்தது. ஒருவர் இப்போது துணிக்கடையில் விற்பனையாளர். அடுத்தடுத்து தானேயும் கஜாவும் வந்தபோது மறுபடி முதலிலிருந்து பயிற்சி, மறுபடி அதே அறிகுறிப் பட்டியல்.

மாணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 2028 கணக்கில் வரப்போகிறவர்கள் அவர்கள்தான். மனநல சமூகப் பணியும் உளவியலும் மனநலச் செவிலியமும் படிக்கிறவர்கள் எங்களிடம் களப்பணிக்கு வருவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். மருட்சிக்கும் மாயத்தோற்றத்துக்கும் வித்தியாசம் கேட்டால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு என்னென்ன தாள் வேண்டும், மனநோய்க்கான குறைபாட்டு மதிப்பீட்டை எப்படிச் செய்வது, உதவித்தொகை நின்றுபோனால் யாரைப் பார்ப்பது என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்கள் படித்தது பெரிய மருத்துவமனையில். அங்கே நோயாளி குடும்பத்தோடு வருவார், கோப்பு இருக்கும், தேவைப்பட்டால் படுக்கை இருக்கும். அந்தப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை எத்தனையோ தலைமுறை மருத்துவர்களை உருவாக்கியிருக்கிறது. அதோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் குறை.

சாதி பற்றி நம் பயிற்சிக் கையேடுகள் பேசுவதில்லை. சட்டம் பேசுகிறது. 18ஆம் பிரிவு, பால், பாலியல் நாட்டம், மதம், பண்பாடு, சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் எதன் பேரிலும் பாகுபாடு இல்லாமல் மனநல சேவை தரவேண்டும் என்று வரிசையாகப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நடப்பதைப் பாருங்கள். பயிற்சிக்கு வந்த ஒரு மாணவர் ஒரு பெண்ணிடம் விவரம் எடுக்கிறார். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "எந்தத் தெரு?" என்று கேட்டார். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ தெருப் பெயரைச் சொன்னார். அடுத்த முறை வரவில்லை. தேடிப் போனபோது அந்தத் தெருவில் அப்படி யாரும் இல்லை என்றார்கள். மாணவருக்கோ தான் கேட்டதில் என்ன தப்பு என்றே புரியவில்லை; முகவரி வேண்டுமே, எப்படித் தேடுவது என்றார். அவரும் சரிதான். ஆனால் முகவரி எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது, ஊர்க்காரர் இல்லாத இடத்தில் கேட்பது என்பதெல்லாம் ஒரு திறமை. ஊசி போடுவதைப்போல இதையும் செய்து காட்டி, செய்யச் சொல்லி, திருத்தித்தான் கற்றுக்கொடுக்க முடியும். தன்னார்வலரே அந்தக் குடியிருப்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குபவராக இருந்தால், அறிகுறிப் பட்டியலை அவர் மனப்பாடமாக ஒப்பித்தும் பயனில்லை. இதை அரங்கில் வெளிப்படையாகப் பேசினால் சங்கடம் வரும் என்று தவிர்க்கிறோம். சங்கடம் வரட்டும்.

திருநர்கள், தன்பாலீர்ப்பாளர்கள் விஷயத்தில் நம் துறை தானாக நகரவில்லை, நீதிமன்றம் நகர்த்தியது. 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பு எழுதும் முன் தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு வேண்டும் என்று ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டார். பிறகு, பாலியல் நாட்டத்தை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்து, மருத்துவப் பாடத்திட்டத்தையும் திருத்தச் சொன்னார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. ஒரு நீதிபதி மாணவராக உட்காரத் தயாராக இருந்தார். எங்கள் மாவட்டத்தில் ஆலோசகர்களாக இருப்பவர்களில் எத்தனை பேர் ஒரு திருநங்கையிடம் பாடம் கேட்டிருப்பார்கள்? பயிற்சிக்கு வருகிற திருநங்கைகளையும் நாம் "அனுபவப் பகிர்வு" என்று பதினைந்து நிமிஷம் அழ வைத்து, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம்.

புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம். திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசுபவர்கள் ஓபிக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளராகக் கூட வருவது அவர்களுடைய காண்ட்ராக்டர். கூலிப் பாக்கியால் தூக்கம் வராத ஒருவர், கூலி பாக்கி வைத்தவர் வாயால் தன் கதையைச் சொல்ல வேண்டும். தொழிலாளர்களிலேயே இரு மொழி தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, ரகசியம் காப்பது பற்றிப் பயிற்சி கொடுத்து, வந்துபோகும் நாளுக்குக் கூலி கொடுத்தால் இது தீரும்.

இப்படிச் சமூகத்துக்குள்ளிருந்தே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுத்தால் நடக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. நடந்திருக்கிறது, இங்கேயே. சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில், முகாம்வாசிகளையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்தார்கள். ஆபத்தில் உள்ளவர்களை ஒழுங்காகப் போய்ப் பார்ப்பது, நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பாதுகாப்பு அட்டையை அவர்களோடு சேர்ந்தே எழுதி வைப்பது, அவ்வளவுதான் வேலை. 2017இல் வெளியான அந்த ஆய்வில், ஒப்பிட எடுத்துக்கொண்ட இன்னொரு முகாமைவிட இங்கே தற்கொலை நடத்தை குறைந்தது. முகாமில் யார் வீட்டில் சண்டை, யாருடைய பதிவு நிலுவையில் இருக்கிறது, யார் கடல் வழியே கிளம்ப நினைக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவருக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை வரும் எனக்குத் தெரியாது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃப் பங்கேற்ற இன்னொரு ஆய்வும் உண்டு. 2014இல் லான்செட் இதழில் வந்தது. மனச்சிதைவு உள்ளவர்களுக்கு மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஏற்பாட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். பலன் அளவானதுதான், பெரிய அற்புதம் எதுவும் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்தை விடாமல் எடுப்பது கூடியது, அன்றாட வாழ்க்கையில் முடங்குவது ஓரளவு குறைந்தது. ஒரு நாள் பயிற்சியால் கிடைத்த பலன் அல்ல இது. தொடர் மேற்பார்வை இருந்தது.

இந்த மேற்பார்வை என்பதில்தான் எனக்கு அழுத்தம். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்கத் என்ற தொண்டு அமைப்பும் செய்த வேலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மனநலப் பட்டம் எதுவும் இல்லாதவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டு அமர்வு ஆலோசனை தரவைத்தார்கள், பலன் கிடைத்தது. நம் கூட்டங்களில் இந்தப் பாதிதான் மேற்கோளாக வரும்: "சாதாரண ஆட்களாலேயே முடியும்." மீதிப் பாதி, அந்த ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, குழுவாக உட்கார்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டு, எங்கே தவறியது என்று விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்பது. அந்த நேரத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் இருந்தது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் மலிவாக முடியும், அதனால்தான் அது பிடித்திருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் தன்னார்வலர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறார்கள். பெரும்பாலும் சுயஉதவிக் குழுப் பெண்கள், ஊரை அறிந்தவர்கள். மனநலத்தையும் இவர்கள் கையில் கொடுத்துவிடலாமே என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. கொடுக்கலாம். ஆனால் இருக்கிற வேலையோடு ஒரு கேள்வித்தாளைச் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம். தற்கொலை எண்ணம் உண்டா என்று ஒரு பெண்ணிடம் கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால், அன்று இரவு அந்தத் தன்னார்வலர் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டுமே. அவர் யாரிடம் பேசுவார்? 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, நல்லது, மக்களுக்கு. ஊழியருக்கு ஒரு பெயரும் முகமும் உள்ள மேற்பார்வையாளர் வேண்டும்.

மருத்துவர்கள் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும், எனக்குத் தெரியும். அரைகுறைப் பயிற்சி பெற்றவர்கள் கையில் நோயாளியைக் கொடுப்பது ஆபத்து, ஏழைகளுக்கு மட்டும் இரண்டாந்தர சேவையா என்பார்கள். இரண்டாவது கேள்வி சரியான கேள்வி. வசதியுள்ளவருக்கு மனநல மருத்துவர், இருளருக்குத் தன்னார்வலர் என்று ஆகிவிடக்கூடாது. சமூகத்திலிருந்து வருபவர் மருத்துவரின் இடத்தை நிரப்ப வருவதில்லை. மருத்துவரிடம் போய்ச்சேரும் வழியையும், திரும்பி வந்தபின் ஊரில் வாழும் வழியையும் பார்த்துக்கொள்ள வருகிறார். யாருமே பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே தர்காவை ஒட்டி நடந்த மனநோயாளர் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்ட குடும்பங்கள் கொடூரமானவை அல்ல. அவர்கள் ஊரில், அவர்கள் கேட்கும் தூரத்தில், வேறு வழி சொல்ல ஆள் இல்லை. தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் மக்கள் இன்றும் போகிறார்கள், போவார்கள். அங்கே முஜாவரோடும் அர்ச்சகரோடும் சண்டை போடாமல் சேர்ந்து வேலை செய்வதும் ஒரு பயிற்சிப் பாடமாக வேண்டும்.

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். மனநலம் சார்ந்த எந்தப் படிப்பாக இருந்தாலும், குறைந்தது மூன்று மாதம் மாவட்டக் குழுவோடு களத்தில் இருந்தால்தான் பட்டம் என்று பல்கலைக்கழகத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். களம் என்றால் ஓபி அல்ல. சூளை, மீனவர் ஊர், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், சிறை, பேருந்து நிலையத்தில் படுத்திருப்பவர்கள். 1993 முதல் வீடற்ற பெண்களோடு வேலை செய்யும் பானியன் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட பயிற்சியைத் தரும் அனுபவம் உள்ளவை, அவர்களைக் கூப்பிடுங்கள். இருளர், நரிக்குறவர், மீனவர், தூய்மைப் பணியாளர் குடும்பங்கள், திருநர், முகாம் இளைஞர்கள் ஆகியோருக்கு உதவித்தொகையோடு ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு தொடங்குங்கள். முடித்தவருக்கு மாவட்டக் குழுவில் காலமுறை ஊதியத்தில் ஒரு பணியிடம் ஒதுக்குங்கள். மனநோயிலிருந்து மீண்டவர்களையும், அவர்களைப் பார்த்துக்கொண்ட குடும்பத்தாரையும், எனக்குச் சூளைப் பாடம் சொன்ன அந்தப் பெண்மணி போன்றவர்களையும் ஆசிரியர்களாக்கி, மற்ற வல்லுநருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைத் தர விதியைத் திருத்துங்கள். காவலர்களுக்கான பயிற்சியும் உங்கள் பொறுப்புதான். மனநோயோடு தெருவில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுக்க வேண்டியவர் காவல் நிலைய அலுவலர் என்று 100ஆம் பிரிவு சொல்வது பல நிலையங்களில் இன்னும் தெரியாது.

பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை மட்டும் கேட்கும் அந்தப் படிவத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்த்தாலும் போதும்: பயிற்சி முடிந்து ஆறு மாதத்தில் எத்தனை முறை மேற்பார்வை நடந்தது, பயிற்சி பெற்றவர் இன்னும் அதே வேலையில் இருக்கிறாரா. இரண்டாவதற்கு வரும் பதில்கள் உங்களுக்குப் பிடிக்காது. தொகுப்பூதியம், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தம், இரண்டு மூன்று மாதம் தள்ளி வரும் சம்பளம். என்னோடு சேர்ந்தவர்களில் நல்ல ஆலோசகர்கள் பலர் தனியார் பள்ளிக்கும் ஐடி கம்பெனிக்கும் போய்விட்டார்கள். குறை சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் அரசாணை எழுதும்போது பயணப்படி என்ற வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குழுவுக்கு இருப்பது ஒரு வண்டி. அதுவும் அதிகாரிகள் வருகை, தடுப்பூசி முகாம் என்று அடிக்கடி வேறு வேலைக்குப் போய்விடும். சூளைகள் பேருந்து போகாத இடத்தில் இருக்கின்றன. கடைசி நிறுத்தத்திலிருந்து ஷேர் ஆட்டோ, அதற்குப் பிறகு நடை. இப்போது அந்தச் செலவை நாங்களும் தன்னார்வலர்களும் கைக்காசிலிருந்து போடுகிறோம். முடியாத மாதத்தில் போவதில்லை.

இப்படிக்கு,
மாவட்ட மனநலத் திட்டத்தில் பணிபுரியும் ஒரு மனநல சமூகப் பணியாளர்